ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு என்று சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே, தண்ணீர், ஆயில், எரியும் வாயு மூன்றும் கலந்துவிடாமல் அடைத்து வைக்கும் தகடு. செய்யாத வேலைக்கு என்னிடம் முழுப் பணம் வாங்கியிருக்கிறார்கள், அது எனக்குத் தெரியவர இரண்டு மாதம் ஆனது. பணம் போனதைவிட, இடைப்பட்ட அந்த இரண்டு மாதமும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில்தான் போய்வந்தேன் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

வண்டிக்கு 16 வயது, பெட்ரோல் இஞ்சின். கூலன்ட், அதாவது இஞ்சினைக் குளிரவைக்கும் திரவம், வாரத்துக்கு அரை லிட்டர் போல குறைந்துகொண்டே வந்தது. நிறுத்தும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வண்டியை விட்டு இறங்கும்போது மட்டும் லேசாக ஒரு இனிப்பு வாடை அடிக்கும், நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும். இதைத்தான் பட்டறையில் சொன்னேன்.

அங்கிருந்த மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த வெண்ணெய் மாதிரி வெளிர்மஞ்சள் பசையை விரலில் எடுத்துக் காட்டினார். அப்புறம் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கூலன்ட் ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டார். உள்ளே குமிழி வந்தது. "பாருங்க சார், ஆயில்ல தண்ணி கலக்குது, கேஸ் தண்ணிக்குள்ள வருது. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்." மொத்தம் 5 நிமிடம்கூட ஆகவில்லை. கையில் ஒரு கருவி எடுக்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டோமே என்று நானும் நம்பிவிட்டேன்.

இந்த இரண்டு அடையாளங்களும் சேர்ந்து என்னை எப்படி ஏமாற்றின என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். மூடிக்கடியில் அந்தப் பசை, பக்கத்தில் பக்கத்தில் மட்டும் ஓடும் வண்டிகளில் சாதாரணமாகவே வரும். இஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம், உள்ளே உருவாகும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் மூடியில் படிந்து ஆயிலோடு கலக்கிறது, அவ்வளவுதான். நிஜமாகவே கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கினால் டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) பால் கலந்த மாதிரி நிறம் தெரியும், பெரும்பாலும் ஆயில் மட்டமும் ஏறும். என் டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, ஆனால் அதை அவர் உருவவே இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. குமிழியும் அப்படித்தான். மட்டம் குறைந்த ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினால் உள்ளே மாட்டியிருக்கும் காற்று கொஞ்ச நேரம் குமிழியாக வெளியே வரும், பிறகு நின்றுவிடும். கேஸ்கெட் வழியாக வாயு வந்தால் அது நிற்காது, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமாகும். நிற்கிறதா இல்லையா என்று பார்க்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

ஐந்தாவது நாள் வண்டி வந்தது. பில்லில் ஹெட் கேஸ்கெட், லேத்தில் ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது), புது ஆயில், கூலன்ட், கூலி என்று எல்லாம் இருந்தது. பழைய கேஸ்கெட் எங்கே என்று கேட்டேன், பழைய இரும்போடு போட்டுவிட்டோம் என்றார்கள். விட்டுவிட்டேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. முள் கால்பங்கைத் தாண்டவே இல்லை, முன்பு எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கு அந்தப் பட்டறையைச் சிபாரிசுகூட செய்தேன், அவர்களிடம் பிறகு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் குடித்தது, ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்பாக மட்டும் வந்தது. கூலன்ட் மட்டத்தை நான் பார்க்கவே இல்லை, அதுதான் சரியாகிவிட்டதே என்ற நினைப்பு.

அப்புறம் ஒரு நாள் நீண்ட ஏற்றத்தில் முள் கிடுகிடுவென்று சிவப்புக்குப் போனது, பானட்டிலிருந்து ஆவி. ஓரம் கட்டி இஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் நின்றேன். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்தது திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும், மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திருகினால் அழுத்தம் இறங்கிய அந்த நொடியே உள்ளே இருப்பதெல்லாம் கொதித்து முகத்தில் அடிக்கும்.

வண்டியை இழுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். பானட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கேள்வி கேட்டார். "நின்னா சூடாகுதா தம்பி, ஓடும்போது சூடாகுதா? கார்ப்பெட் ஈரமா இருக்கா? புகை வெள்ளையா வருதா?" நிற்கும்போது மட்டும் சூடானால் முதலில் ஃபேனைப் பார்ப்பாராம், வேகத்தில் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் பக்கம் போவாராம், முன் கார்ப்பெட் ஈரமாகி கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது என்று அர்த்தமாம். எதையும் கழற்றாமலே பாதி வேலை இதில் முடிந்துவிடுகிறது.

இஞ்சின் முழுக்க ஆறியதும் கூலன்ட் நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் மீட்டர் வைத்த ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருந்த 0.9 பார் அளவு வரை அடித்தார். பத்து நிமிடத்தில் முள் 0.6க்கு வந்துவிட்டது. பிறகு டார்ச்சோடு குனிந்து இஞ்சினுக்குப் பின்னால் தேடினார். ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப்புக்குப் பக்கத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. ஒரு சொட்டு அங்கே திரண்டு, பெரிதாகி, நேராக எக்ஸாஸ்ட் குழாய் (புகைக்குழாய்) மேல் விழுந்தது. குழாயில் பச்சையும் வெள்ளையுமாகச் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து போன தடம். வண்டி ஓடும்போது விழுகிற ஒவ்வொரு சொட்டும் அந்தச் சூட்டில் ஆவியாகியிருக்கிறது. தரையில் ஈரம் இல்லாததற்கும் அந்த இனிப்பு வாடைக்கும் காரணம் அதுதான். மூடியையும் தனியாகச் சோதித்தார், போட்டிருந்த அளவில் பாதிகூட அது தாங்கவில்லை.

கேஸ்கெட் புதிதாகப் போட்டதுதான் என்றேன். எதற்கும் பார்த்துவிடலாம் என்று, ஹோஸை மாற்றிய பிறகு ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, இஞ்சின் ஓடும்போது அங்கிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்துக்குள் இழுத்தார். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். நீலமாகவே இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டைக் காட்டினார். பல வருட ஆயில் அழுக்கு அந்த இணைப்பின் மேல் ஒரே தோலாக, எங்கும் விட்டுப்போகாமல் காய்ந்து ஒட்டியிருந்தது. எக்ஸாஸ்ட் குழாயை ஹெட்டோடு சேர்க்கும் மேனிஃபோல்டு நட்டுகள் எல்லாம் துரு, ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. "இந்த ஹெட்டை யாரும் தூக்கல தம்பி" என்றார். புதிதாகக் கழற்றி மாட்டிய அடையாளம் தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டில் மட்டும்தான் இருந்தது. திறந்தார், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை.

அவர்கள் செய்த "ரிப்பேர்" அதுதான். தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி போல வரும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும். அதை எடுத்துவிட்டால் இஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, முள் கீழேயே கிடக்கும், வண்டிக்காரன் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவான். ஒழுகல் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

அந்த இணைப்பையும் நட்டுகளையும் படம் எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். முதலில் வேலை செய்த பையன் இப்போது இல்லை என்றார்கள். லேத் பில்லைக் கேட்டேன், இல்லை. கடைசியில் வண்டியைக் கொண்டு வாருங்கள், இலவசமாக இன்னொரு முறை செய்து தருகிறோம் என்றார்கள். அவர்களிடம் திரும்பவும் சாவியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. பணம் இன்னும் வரவில்லை, எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் யாராவது ஹெட்டை இறக்க வேண்டும் என்றால், முதலில் அந்தக் கைப்பம்பு பிரஷர் டெஸ்ட்டும் அந்த நீலத் திரவச் சோதனையும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். கழற்றும் பழைய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். விடுவதற்கு முன் ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தைப் போனில் நாலு படம் எடுத்து வையுங்கள்.

என் வண்டிக்கு ஒரு ஹோஸ், ஒரு மூடி, ஒரு தெர்மோஸ்டாட் போட்டதோடு சரி. ரிசர்வ் டேங்கில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், தினமும் காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறேன். ஏழு வாரமாகக் கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.