கட்-ஆஃப் பயத்தைக் காசாக்கும் 'சீட் பிளாக்' ஆசாமிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலையே போன் வந்துவிட்டது. மகளின் பெயர், மதிப்பெண் எல்லாம் அந்த ஆளுக்கு அத்துப்படி. கணிதம் 88, இயற்பியல் 84, வேதியியல் 82. கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதி பாதியாகக் கூட்டினால் 200-க்கு 171 கட்-ஆஃப். "பாப்பாவுக்கு 171-தானா சார்? கவுன்சலிங்கை நம்பினா இன்ஜினியரிங்ல இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்காது. இப்பவே பணம் கட்டி சீட்டை பிளாக் பண்ணிடுங்க" என்றார்.

கணிதத்தில் சென்டம் எதிர்பார்த்திருந்த பிள்ளை சாப்பிடாமல் படுத்திருந்தாள். சொந்தக்காரர்கள் வேறு "எவ்வளவு, எவ்வளவு" என்று விடாமல் கேட்கிறார்கள். ரிசல்ட்டுக்கும் ரேங்க் பட்டியலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த வாரங்கள்தான் இந்த ஏஜென்ட்களுக்கு சீசன்.

ஏசி அலுவலகம், சுவர் முழுக்கக் கல்லூரிப் படங்கள். முன்பணம் 50,000 ரூபாய் வாங்கினார்கள். மீதி நன்கொடை சேரும்போது தர வேண்டுமாம். டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீதில் கல்லூரியின் பெயரே இல்லை, 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் இருந்தது. கலந்தாய்வு விண்ணப்பத்தையும் தாங்களே போட்டுத் தருவதாகச் சொல்லித் தங்கள் போன் நம்பரைப் பதியப் பார்த்தார்கள். "ஓடிபி நம்ம போனுக்கே வரட்டும்ப்பா" என்று மகள் பிடிவாதமாக நின்றாள். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

குட்டை உடைத்தவளும் அவள்தான். எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை கட்-ஆஃப் வரை இடம் போனது என்ற முந்தைய ஆண்டு விவரம் பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு 'பிளாக்' செய்த அதே கல்லூரியில், அதே இசிஇ, பிசி பிரிவில் 158 வரை போயிருந்தது! கலந்தாய்விலேயே அரசு நிர்ணயித்த கட்டணத்தில் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை, கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீடு என்று சொல்லி எங்களிடமே விற்றிருக்கிறார்கள். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று என்பதெல்லாம் அவர்கள் காதில் விழாது.

கலந்தாய்வுக்கு அவர்கள் போட்டிருந்த கல்லூரி விருப்பப் பட்டியலைத் திறந்து பார்த்தால் அதில் நாலே நாலு கல்லூரிகள். நாலும் அவர்களுக்குக் கமிஷன் தருகிற இடங்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் எனும்போது நாலோடு நிறுத்துவது, பிள்ளையை அந்தப் பக்கமே தள்ளிவிடுகிற வேலை. நல்லவேளை, ஓடிபி எங்களிடம் வந்ததால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பட்டியலைப் புதிதாகப் போட்டோம்.

அப்புறம் சான்றிதழைக் கேட்டால், "கேன்சலேஷன் சார்ஜ் கட்டுங்க" என்றார்கள். சேர்க்கையின்போது கல்லூரியே அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. நடுவில் இவர்கள் யார் பிடித்து வைக்க? கல்லூரிக்கே நேரில் போய்க் கேட்டேன். அப்படி யாரையும் தெரியாது என்று கைவிரித்தார்கள். போலீசுக்குப் போவேன் என்றதும்தான் சான்றிதழும் 20,000 ரூபாயும் வந்தன.

இந்த விண்ணப்ப வேலைக்கு ஏஜென்ட்டே தேவையில்லை. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. அரசின் சேர்க்கை உதவி மையங்களில் விண்ணப்பிக்கவும் உதவுகிறார்கள். ஒதுக்கீடு வந்த பிறகும், அதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்க வழி இருக்கிறது. மகளுக்கு அப்படித்தான் இசிஇ கிடைத்தது, இவர்கள் காட்டியதைவிட நல்ல கல்லூரியில்.

மீதி 30,000-க்கு போலீசில் மனு கொடுத்திருக்கிறேன். அந்த அலுவலகம் இப்போது போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கிறது. இந்த முறை நர்சிங், பாராமெடிக்கல் சீட் என்று போன் போடுகிறார்களாம்.