விஸ்கிப் பீப்பாய் வாங்க நினைப்போர் கவனத்திற்கு

ஸ்காட்லாந்துக் கிடங்கில் முதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு பீப்பாய் விஸ்கியை உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறோம் என்று சொல்லி, பிரிட்டனில் வாழும் நம்மவர்களைத் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் அணுகும் இடைத்தரகர்கள் பெருகியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் நானும் என் நண்பர்கள் மூவரும் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 7,800 பவுண்டு கொடுத்தோம். இன்றுவரை பீப்பாயும் எங்களுடையதாகவில்லை, பணமும் திரும்பவில்லை. காவல்துறையிடம் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நடந்த முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் பெயர்ப்பலகை மாறினாலும் முறை மாறுவதில்லை.

நாங்கள் நால்வரும் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் மால்ட் பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி), கோன்யாக் (பிரெஞ்சு பிராந்தி) புட்டிகளைச் சேர்த்து, அவ்வப்போது ஒன்றுகூடித் திறந்து சுவைப்பவர்கள். ஒரு பீப்பாயை முழுதாக வாங்கிப் புட்டியில் அடைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் ஆசை. எங்களிடம் காட்டப்பட்டது 2016இல் நிரப்பப்பட்ட, 250 லிட்டர் கொள்ளளவுள்ள ஹாக்ஸ்ஹெட் பீப்பாய். ஸ்பேசைட் வட்டாரத்தில் நல்ல பெயருள்ள ஓர் ஆலையின் சரக்கு. விற்பனையாளர் மிகுந்த மரியாதையோடு பேசினார், ஆலையின் வரலாற்றைத் தவறின்றிச் சொன்னார், குடிக்க வாங்குகிறோம் என்று நாங்கள் சொன்ன பிறகும் விலை ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதற்கே பேச்சைத் திருப்பிக்கொண்டிருந்தார். விருப்பப்பட்டால் பீப்பாயை அப்படியே சென்னைக்கு அனுப்பிவைக்கலாம் என்றும் உறுதி கூறினார். இது முழுப் பொய். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகளின்படி, 2012 நவம்பர் 23 முதல் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்துக்குள்ளேயே புட்டியில் அடைத்தாக வேண்டும். பீப்பாயாக அது நாட்டை விட்டு வெளியேற முடியாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அனுப்பலாம் என்று பதில் வந்தால் அத்தோடு தொலைபேசியை வைத்துவிடலாம்.

பணம் செலுத்தியதும் சான்றிதழ் வந்து சேர்ந்தது. தடித்த தாள், பொன்னிற முத்திரை, பீப்பாய் எண், நிரப்பிய நாள், கிடங்கின் பெயர், எங்கள் நால்வர் பெயர். நம் கல்யாணப் பத்திரிகைகூட அத்தனை பளபளப்பாக இராது. அளவுச் சோதனைக்காகவும் மாதிரிக்காகவும் கிடங்கிற்கு எழுதியபோதுதான் அந்தத் தாளின் மதிப்பு தெரிந்தது. இரண்டே வரியில் பதில் வந்தது: அந்த எண்ணுள்ள பீப்பாய் தங்களிடம் இருக்கிறது, ஆனால் அதன் கணக்கு எங்கள் பெயரிலோ எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் பெயரிலோ இல்லை, கணக்கில் இல்லாதவர்களோடு சரக்கைப் பற்றி மேற்கொண்டு பேச இயலாது. விற்ற நிறுவனத்தைக் கேட்டால், பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள், பிறகு ஊழியர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள், அதன் பிறகு தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. பின்னர் ஒரு சுவைப்பு மாலையில் சந்தித்த லெஸ்டர்வாசி ஒருவரிடம், அதே பீப்பாய் எண்ணுக்கு அவர் பெயரில் அதே பொன்னிற முத்திரையோடு இன்னொரு சான்றிதழ் இருந்தது.

இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வரி செலுத்தப்படாத விஸ்கி, வரித்துறை அனுமதி பெற்ற பாண்டட் கிடங்கில்தான் இருக்க முடியும். அங்கே யார் பெயரில் எது இருக்கிறது என்பதைக் கிடங்கின் பதிவேடே காட்டும். விற்பவர் கிடங்கிற்கு அனுப்பும் டெலிவரி ஆர்டரின் பேரில் கிடங்கு அந்தப் பீப்பாயை வாங்குபவர் கணக்கிற்கு மாற்றி எழுதி, மாற்றியதை வாங்குபவருக்கு உறுதிப்படுத்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 29ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில், சரக்கு மூன்றாமவர் கையில் இருக்கும்போது அதை வாங்கியவருக்காகத் தான் வைத்திருப்பதாக அந்த மூன்றாமவர் ஒப்புக்கொள்ளும் வரை ஒப்படைப்பு நடந்ததாகாது என்று கூறுகிறது. விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு இந்த ஏற்பாட்டில் எந்த இடமும் கிடையாது.

பீப்பாய் எங்கள் பெயரில் வந்திருந்தாலும் அளவுக் கணக்கில் ஏமாற்றம் காத்திருந்தது. 250 லிட்டரை 63.5 சதவீத ஆல்கஹால் வலிமையில் நிரப்பினால் அதில் ஏறக்குறைய 159 லிட்டர் தூய ஆல்கஹால் இருக்கும். எங்களுக்கு விலை போட்டது இந்த அளவுக்குத்தான். தண்ணீர் சேர்த்து 46 சதவீதத்தில் அடைத்தால் 70 சென்டிலிட்டர் புட்டி 490 தேறும் என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்ததும் இதை வைத்துத்தான். ஆனால் ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகும் என்பது விஸ்கி குடிப்பவர் எல்லோரும் அறிந்தது. ஒன்பது ஆண்டு கழிந்த பீப்பாயில் 132 லிட்டரை ஒட்டித்தான் மிஞ்சியிருக்கும். அதாவது 410 புட்டி. மரம் ஒழுகியிருந்தால் இன்னும் குறையும். சாராய வலிமை 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. ஆகவே நிரப்பிய நாளின் அளவை வைத்துப் பேசும் எவரிடமும் அண்மையில் எடுத்த ரீகேஜ் அறிக்கையை, அதாவது பீப்பாயில் இப்போது மிஞ்சியிருக்கும் அளவையும் வலிமையையும் மறுபடி அளந்து தரும் அறிக்கையைக் கேளுங்கள். அதன் தேதியையும் பாருங்கள்.

வரியைப் பற்றி விற்பனையாளர் வாயே திறக்கவில்லை. நாங்கள் வாங்கிய காலத்தில் தூய ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்டு கலால் வரி. 46 சதவீதத்தில் அடைத்த 70 சென்டிலிட்டர் புட்டி ஒன்றுக்கு இது 10.56 பவுண்டு ஆகிறது. 410 புட்டிக்கு 4,300 பவுண்டைத் தாண்டும். இதற்கு மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி, புட்டி, மூடி, லேபிள், அடைப்புக் கூலி, கிடங்கு வாடகை, காப்பீடு எல்லாம் தனி. லேபிளில் ஆலையின் பெயரைப் போடும் உரிமை பீப்பாயோடு தானாக வந்துவிடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பெயருக்காக வாங்கும் சேகரிப்பாளருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

வங்கியிடம் போனோம். ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்னும் விதி 2024 அக்டோபர் 7 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான வணிகத் தகராறுகள் அதற்குள் அடங்குவதில்லை. பீப்பாய் உண்மையில் இருக்கிறதே, தாமதமாகிறது என்பதுதானே உங்கள் குறை என்று கேட்டு வங்கி எங்கள் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. இந்த மோசடியின் சாமர்த்தியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இல்லாத பீப்பாயை விற்றவன் எளிதில் பிடிபடுவான். இருக்கும் பீப்பாயைப் பலருக்கு விற்பவனோ, ஒவ்வொருவரிடமும் அதன் எண்ணைக் காட்டிக் காலம் கடத்த முடியும். மேலும், பீப்பாய் விற்பனை பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை. எனவே முதலீட்டாளர் இழப்பீட்டுத் திட்டமும் நமக்கு உதவாது.

இவை புதிய தந்திரங்கள் அல்ல. 1990களிலேயே பிரிட்டனில் பீப்பாய் முதலீட்டு நிறுவனங்கள் பலரிடம் பணம் வாங்கிக்கொண்டு கவிழ்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்ட நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் நிரப்பப்படவே இல்லை என்பது 2017இல் வெளியானது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் கிடங்கிற்கு நேரடியாக எழுத வேண்டும்; விற்பவர் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதாமல் கிடங்கின் முகவரியைத் தாங்களே தேடி எடுக்க வேண்டும். விற்பவரின் அனுமதிக் கடிதத்தோடு, பீப்பாய் இன்று யார் கணக்கில் இருக்கிறது, தனிநபர் பெயரில் கணக்குத் திறக்கக் கிடங்கு சம்மதிக்குமா என்று கேட்க வேண்டும். அனுமதிக் கடிதம் தர விற்பவர் தயங்கினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸின் பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எங்களுக்கு விற்ற நிறுவனம் தொடங்கி ஈராண்டுகூட ஆகாதது என்பதும், முதல் கணக்கையே உரிய காலத்தில் தாக்கல் செய்யாதது என்பதும் அங்கே எழுதியிருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிச் சான்றிதழை அலமாரியில் வைத்திருப்பவர்கள், இந்த வாரமே கிடங்கிற்கு எழுதிக் கேளுங்கள். வங்கியிடம் இழப்பீடு கோருவதற்குக் கடைசியாகப் பணம் அனுப்பிய நாளிலிருந்து 13 மாதம்தான் அவகாசம். எங்கள் கோரிக்கையை வங்கி மறுத்ததை எதிர்த்து, லெஸ்டர் நண்பரின் சான்றிதழ் நகலையும் சேர்த்து, நிதிக் குறைதீர்ப்பாளரிடம் முறையீடு செய்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.