டிவி டைட்டில் லோகோவுக்கு இங்க்ஸ்கேப்: பல வருடம் புழங்கியதில் தெரிந்தது

சீரியல், கேம் ஷோ, சமையல் நிகழ்ச்சி என்று டிவிக்கு டைட்டில் லோகோ செய்வதுதான் என் பிழைப்பு. கோடும் வளைவுமாகப் படம் வரையும் இலவச சாஃப்ட்வேரான இங்க்ஸ்கேப்பை 2017-ல் 0.92 பதிப்பு வந்தபோது பிடித்தது, இப்போது 1.4 வரை அதிலேயே வண்டி ஓடுகிறது. "காசில்லாமல் கிடைக்கிற சாஃப்ட்வேரை வைத்து சேனல் வேலை செய்ய முடியுமா?" என்று கேட்பவர்கள் நிறைய. எழுத்தை உடைத்து வேறு உருவமாகக் கட்டும் வரைக்கும் தாராளமாக முடியும். அதைத் தாண்டி மினுமினுப்பு, அனிமேஷன், அச்சு என்று போனால் வேறு துணை வேண்டும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் எனக்கு இதில் குறையே இல்லை. யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து "கொ" அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் ஒழுங்காக வந்து உட்காரும். அடோபியின் கட்டண சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டரிலும் இது நடக்கும், ஆனால் நம் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போஸர் என்பதை மெனுவில் தேடிப் பிடித்து மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் டைட்டில் ஏதோ சங்கேதச் செய்தி மாதிரி தெரியும்.

எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. எக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் செய்த பலூ தம்பி, முக்த மலர், அனெக் தமிழ், இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார், பவனம் எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. லோகோவில் வைத்து வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை. அனெக் தமிழில் தடிமன் போல அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், நீளமான டைட்டில்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எந்த எழுத்துருவையும் அப்படியே வைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பலூ தம்பி அழகுதான், அதே முகத்தை நேயர் டீக்கடை போர்டிலும் பார்த்துவிட்டுத்தான் டிவி முன் வந்து உட்காருகிறார்.

உண்மையான வேலை, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அழுத்தி எழுத்தைப் பாத்-ஆக (இஷ்டப்படி வளைக்கக்கூடிய வெறும் கோட்டுருவமாக) மாற்றிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. "மின்னல்" என்று ஒரு டைட்டில் என்று வைத்துக்கொள்வோம். பல எழுத்துருக்களில் "ன்" புள்ளியோடு சேர்ந்து ஒரே வடிவமாக வரும். புள்ளியைத் தனியாகப் பிரிக்க 'பிரேக் அபார்ட்' கொடுத்தால் புள்ளி பிரிந்துவிடும், கூடவே "ன"வின் சுழியும் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். அப்புறம் சுழியையும் எழுத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'டிஃபரன்ஸ்' (ஒன்றிலிருந்து மற்றதை வெட்டியெடுப்பது) கொடுத்து ஓட்டையை மீட்க வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் 'ஸ்பிளிட் பாத்' என்று ஒன்று சேர்ந்தது. அது ஓட்டையைக் கெடுக்காமல் புள்ளியை மட்டும் கழற்றித் தருகிறது. சின்ன விஷயம்தான். நாள் முழுக்க மெய்யெழுத்துகளோடு மல்லுக்கட்டுபவருக்கு இதன் அருமை தெரியும்.

புள்ளியை ஏன் கழற்ற வேண்டும்? எழுத்துருவில் அது புத்தகத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. நிகழ்ச்சி ஓடும்போது லோகோ திரையின் மூலையில் நூறு பிக்சல் உயரத்துக்கு ஒடுங்கினால், புள்ளிக்குக் கிடைப்பது ஏழெட்டு பிக்சல். போனில் பார்ப்பவருக்கு அதுவும் இல்லை, "மின்னல்" "மினனல" ஆகிவிடும். அதனால் புள்ளியைப் பெரிதாக்கி, "மி"யின் விசிறி உச்சிக்குச் சமமாக இறக்கி வைப்பேன். மேல்விளிம்பு ஒரே கோட்டில் நின்றால் லோகோ கச்சிதமாகத் தெரியும். புள்ளிக்குப் பதில் பூ, பொட்டு, நட்சத்திரம் என்று சேனலில் கேட்பார்கள். பொட்டு பரவாயில்லை. ஐந்து இதழ் பூ அந்த அளவில் அழுக்குப் போல இருக்கும்.

கிடைக்கோடுகளிலும் கவனம் வேண்டும். நம் ஊர் எச்.டி. ஒளிபரப்பு பெரும்பாலும் 1080 வரிகள், ஒற்றைப்படை வரியும் இரட்டைப்படை வரியும் மாறி மாறி வரும் முறை. ஒரே பிக்சல் தடிமனில் கிடைக்கோடு இருந்தால் அது திரையில் நடுங்கும். "ப", "ட" இரண்டுக்கும் அடியில் கிடைக்கோடு இருக்கிறது. நாகரிகமாக மெல்லிசாக வரைந்த டைட்டில் எல்லாம் அங்கேதான் மாட்டும்.

பழைய காலக் கதை என்றால் இன்னொரு வேலை உண்டு. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் "லை", "னை", "ணை" எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருந்தன. அந்த ஒரு எழுத்தைப் பழைய வடிவில் போட்டாலே போதும், செபியா நிறமோ கறை படிந்த பேப்பரோ இல்லாமலே காலம் தெரிந்துவிடும். இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. பென் டூலில் நாமே வரைந்து, அடுத்த எழுத்தின் தடிமனுக்கு இழைக்க வேண்டும். இங்க்ஸ்கேப்பில் நோடுகளை (வளைவைத் தாங்கும் புள்ளிகளை) நகர்த்தும் நோடு டூல் இந்த மாதிரி வளைவுகளுக்குக் கை சொன்னபடி கேட்கும். இந்த ஒன்றில் இல்லஸ்ட்ரேட்டரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

வெளிநாட்டு ஃபார்மட் ஷோக்கள் தனி ரகம். 2012-ல் விஜய் டிவியில் வந்த 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', 2019 கடைசியில் கலர்ஸ் தமிழில் தொடங்கிய 'கோடீஸ்வரி' இரண்டுக்கும் மூலம் ஒரே பிரிட்டிஷ் நிகழ்ச்சி, வளையத்துக்குள் பெயரைச் சுற்றி எழுதும் வட்ட லோகோ. இப்படிப்பட்ட வளையத்தில் தமிழை 'புட் ஆன் பாத்' கொடுத்துச் சுற்றினால், "கு", "ழு" மாதிரி கீழே இறங்கும் எழுத்துகளின் வால்கள் உள்பக்கம் ஒன்றோடொன்று முட்டும். சுற்றிய பிறகு ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பதிப்பு மாற மாற வேலை சுலபமாகியிருக்கிறது. 2022-ல் வந்த பல பக்க வசதியில் அகல லோகோ, இரண்டு வரி லோகோ, ரீல்ஸுக்கான செங்குத்து லோகோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கிறேன். 2023-ன் ஷேப் பில்டரில் ஒட்டி நிற்கும் எழுத்துகளை வெட்டி ஒட்டுவது விளையாட்டுப் போல ஆகிவிட்டது.

இனி குறைகள். பிளர் (மங்கலாக்கும் எஃபெக்ட்) நாலு இடத்தில் போட்டால் திரை இழுக்க ஆரம்பித்துவிடும். ஹோர்டிங்குக்கு, அச்சுக்கான நான்கு மை நிற முறையான சி.எம்.ஒய்.கே. வேண்டுமென்றால் அச்சகத்தில் போய்த்தான் மாற்றுகிறேன், சிவப்பு ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி வருகிறது. தங்க நிறம் கேட்கும்போது (எந்த சேனல் கேட்காமல் இருந்தது?) இங்க்ஸ்கேப் கிரேடியன்டில் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் பூச்சில்) அது பித்தளையாகத்தான் தெரியும். அதனால் இங்க்ஸ்கேப் ஃபைலான எஸ்.வி.ஜி.யை பிளெண்டர் என்ற முப்பரிமாண சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோய் கனம் கொடுத்து, விளிம்பு சீவி, வெளிச்சம் போடுகிறேன். ஃபைலை பிளெண்டரில் கொண்டுவரும்போது உருவம் கண்ணுக்கே தெரியாத அளவில் வந்து விழும், பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் இங்க்ஸ்கேப்பிலேயே தேவையில்லாத நோடுகளை அழித்துவிடுவது நல்லது. சுழிக்குள் நோடு நெருங்கி இருந்தால் சீவிய விளிம்பு கிழியும். நோடுகளைத் தானே குறைக்கும் 'சிம்ப்ளிஃபை' கொடுத்து வேலையை முடிக்கலாம் என்று தோன்றும், அது சுழியைக் கோணலாக்கிவிடும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரில் லோகோவை அசைக்கப்போகும் எடிட்டருக்கு நான் பி.டி.எஃப்.தான் அனுப்புகிறேன், எழுத்துகளையெல்லாம் பாத்-ஆக மாற்றி. கூடவே பின்னணி இல்லாத பி.என்.ஜி. இரண்டு: இருட்டுக் காட்சிக்கு ஒன்று, வெளிச்சக் காட்சிக்கு ஒன்று. ஒரு சேனலில் எழுத்துரு ஃபைலையும் சேர்த்து அனுப்பச் சொல்லி ப்ரோமோவை ஒரு நாள் நிறுத்தியே வைத்தார்கள். அந்த லோகோவில் எழுத்துரு என்று ஒன்று இல்லவே இல்லை, வெறும் வளைவுகள்தான் என்று புரியவைக்கப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதிலிருந்து ஃபைல் பெயரிலேயே "எழுத்துரு தேவையில்லை" என்று சேர்த்துவிடுகிறேன்.