கரையை உயர்த்தலாமா, மதகு வைக்கலாமா, கலங்கலை அகலப்படுத்தலாமா?

எங்கள் பண்ணை மனை லேஅவுட்டில் படகு விடவும் தூண்டில் போடவும் ஒரு சின்ன ஏரி இருக்கிறது, பத்தடி மண் கரை. ஐப்பசி மழைக்கு முன்னால் அதற்கு என்ன செய்யலாம் என்று மூன்று யோசனைகள் சுற்றுகின்றன: கரையை உயர்த்துவது, மதகு (கரைக்கு அடியில் திறந்து மூடுகிற வடிகுழாய்) வைப்பது, கலங்கலை (ஏரி நிரம்பினால் மிச்ச நீர் தானாக வழிகிற இடம்) அகலப்படுத்துவது.

கரையை உயர்த்துவதுதான் எல்லோருக்கும் பிடித்தது. நாலு லோடு மண், கண்ணுக்குத் தெரிகிற வேலை, படகுக்குக் கூடுதல் ஆழம். ஆனால் புல்லைச் செதுக்காமல், பழைய கரையைப் படிபடியாக வெட்டாமல் மேலே மண்ணைக் கொட்டினால் ஒட்டாது. தண்ணீர் ஏற ஏற அழுத்தமும் ஏறும், எலி வளை, நண்டு வளை எல்லாம் வேலையைக் காட்டும். கரையடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது.

மதகு புயலுக்கு முந்தின நாள் மட்டத்தைக் குறைக்க உதவும், அவ்வளவுதான். ஆறடி நீருக்குக் கீழே ஓரடிக் குழாய் விநாடிக்கு 10 கன அடியைத் தாண்டாது. அதே குழாயை ராத்திரி இரண்டு மணிக்குத் திறக்கப் போவது யார்? 2015 சென்னை வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியில் திறக்க ஷட்டரும் ஆளும் இருந்தார்கள், எங்களிடம் வாட்ச்மேன் ஒருவர்தான்.

கலங்கலுக்கு ஆளே வேண்டாம். ஒரு ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குலம் கொட்டினால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கன அடி. 50 ஏக்கர் நிலத்தில் பெய்கிற மழை ஏரிக்கு வந்தால், தரை உறிஞ்சுவதை விட்டுவிட்டால், 50 கன அடி. இருபதடிக் கலங்கலில் ஓரடி உயரம் வழிந்தாலே அது போய்விடும். இப்போது இருப்பது ஐந்தடி, அதிலும் மீன் தப்பிக்காமல் இருக்க வலை கட்டியிருக்கிறார்கள்! அமெரிக்காவில் சவுத் ஃபோர்க் அணை பணக்காரர்களின் மீன்பிடி கிளப்புக்குச் சொந்தமான ஏரியைத் தாங்கி நின்றது; அங்கேயும் கலங்கலில் மீனுக்குத் தடுப்பு வைத்தார்கள், வண்டி போகக் கரையைத் தணித்தார்கள், அடியில் இருந்த வடிகுழாய்களும் எடுக்கப்பட்டுத் திரும்பப் போடப்படவில்லை. 1889 மே 31 அன்று உடைந்து 2,209 பேர் போனார்கள்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும்தான், அதனால் அதன் பேரில் நம் கரையைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

என் ஓட்டு கலங்கலுக்கு, அப்புறம் பணம் மிஞ்சினால் மதகு. வழிகிற தண்ணீர் பக்கத்து மனை மதிலில் முட்டாமல் ஓடைக்குப் போக வாய்க்கால் வெட்டியாக வேண்டும், செலவு பெரும்பாலும் அங்கேதான். வலையை இந்த வாரமே அவிழ்த்துவிடலாம், அதற்குக் காசில்லை.