ரெண்டு கிராபிக்ஸ் கார்டு, ஒரு டுபாக்கூர் எஸ்எம்பிஎஸ், போன 64,500 ரூபாய்

ரூமுக்குள்ள கருகின பிளாஸ்டிக் வாடை இன்னும் போகல. கம்மி பட்ஜெட்ல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டு கம்ப்யூட்டர் கட்ட நினைக்கிறவங்க இதைப் படிச்சிட்டு காசை எடுங்க. எதை எப்படிப் பார்த்து வாங்கணும்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்துல எவ்வளவு வருதுன்னு பார்ப்போம்.

நான் வீட்டு எலிவேஷன் 3டி படம் போட்டுக் கொடுக்கிறவன். பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் விட்டா, அதாவது படத்தை முழுசா உருவாக்கவிட்டா, ராத்திரி பூரா ஓடும். பழைய ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 12 ஜிபி மெமரி, ரெண்டு மாட்டினா கிட்டத்தட்ட பாதி நேரம் மிச்சம். இந்தக் கணக்குல தப்பே இல்ல. போன கடைதான் தப்பு.

சென்னை ரிச்சி தெருவுல மாடியில ஒரு பழைய பார்ட்ஸ் கடை. "திருநெல்வேலியா? நான் சங்கரன்கோவில் பக்கம்தான் தம்பி"ன்னு கடைக்காரர் டீ சொன்னார். அங்கேயே விழுந்துட்டேன். ஒவ்வொரு கார்டா மாட்டி, கார்டைச் சோதிக்கிற ஃபர்மார்க் சாஃப்ட்வேர்ல வர்ற அந்த ரோம டோனட்டை அஞ்சஞ்சு நிமிஷம் சுத்தவிட்டுக் காட்டினார். ரெண்டையும் சேர்த்து மாட்டி ஓட்டுங்க அண்ணாச்சின்னு கேட்க எனக்கு வாய் வரல. "12-ம் 12-ம் 24 ஜிபி தம்பி"ன்னார். அதுவும் பொய். ரெண்டர்ல ஒவ்வொரு கார்டுலயும் முழு சீனும் தனித்தனியா ஏறணும், 12 ஜிபி 12 ஜிபிதான். முழு செட்டுக்கு 64,500 ரூபாய் ஜிபே பண்ணேன். கையில கொடுத்தது 'எஸ்டிமேட்'னு எழுதின துண்டுச் சீட்டு.

சனிக்கிழமை ராத்திரி ரெண்டு கார்டையும் சேர்த்து ரெண்டர் விட்டேன். பத்தே நிமிஷம், திரை இருண்டு போச்சு. மூடியைக் கழட்டினா, ரெண்டாவது கார்டுக்குப் போன சாட்டா கன்வெர்ட்டர் (ஹார்ட் டிஸ்க் ஒயர்ல இருந்து கார்டுக்கு கரண்ட் இழுக்கிற இணைப்பு) பழுப்பாகி உருகி ஒட்டிக் கிடக்கு. எஸ்எம்பிஎஸ்ஸை, அதான் கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டியை, திருப்பிப் பார்த்தேன். முகப்புல பெரிசா '1000 வாட்'. பக்கவாட்டு ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல +12 வோல்ட், 30 ஆம்ப். பெருக்கினா 360 வாட்! கார்டு ஒன்னு 170 வாட் கேட்கும், ரெண்டுக்கே 340. பிராசசர் எதைக் குடிக்கும்?

போன் போட்டேன். "டெக்னீஷியன் லீவு." மறுநாள், "உங்க வீட்டு கரண்ட்ல கோளாறு." அடுத்த நாள், "ரெண்டு கார்டு போட்டா அப்படித்தான் சார்." தம்பி எப்போ சார் ஆனேன்னு தெரியல. இப்போ ப்ளூ டிக் மட்டும்தான் வருது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சா முதல்ல பில்லைக் கேட்கிறாங்க. 64,500 ரூபாய்க்கு என்கிட்ட இருக்கிறது அந்தச் சீட்டுதான்.

சரி, சொல்ல வந்தது. சாட்டா கனெக்டர் 12 வோல்ட்ல 54 வாட்தான் தாங்கும், அதுல இருந்து கார்டுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட் ஆம்பை மட்டும் பாருங்க. ரெண்டு கார்டுக்கும் கரண்ட் கொடுக்கிற 8 பின் ஒயர் அதுலயே இருக்கணும். மதர்போர்டுல கார்டு மாட்டுற ரெண்டாவது ஸ்லாட் நீளமா இருந்தாலும் உள்ளே நாலு லேன்தான் (டேட்டா போற பாதை) இருக்கும், பட்ஜெட் போர்டு பலதும் அப்படித்தான். ரெண்டருக்கு அது பரவாயில்ல, எட்டுன்னு சொல்லி விற்கிறதுதான் அயோக்கியத்தனம். ஜிஎஸ்டி பில் இல்லாம காசு கொடுக்காதீங்க.

இன்னும் எழுதணும், முடியல. இப்பதான் அவர் வாட்ஸப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். அதே '1000 வாட்' பெட்டி, "டூயல் கார்டுக்கு ஏற்றது"ன்னு போட்டிருக்கார்.