சிறகு ஊசியோடு நாலு வருடம்

சின்ன வயதில் பெரியம்மா லேஞ்சிக் கரையில் இழை உருவி, நாலு நாலு இழையாகச் சேர்த்துக் கட்டித் தைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு லேஞ்சிக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். வரிசையாகத் துளை விழும் அந்தத் தையலை மெஷினில் எடுக்கத்தான் சிறகு ஊசி வாங்கினேன்.

ஊசியின் இரு பக்கமும் தகடுபோல் சிறகு இருக்கும். இழையை உருவத் தேவையில்லை. சிறகு இழைகளை விலக்கும், நூல் அவற்றை அப்படியே இறுக்கிப் பிடிக்கும். நான் வைத்திருப்பவை 100, 120 அளவுகள். வாயில் என்ற மெல்லிய பருத்தித் துணிக்கு 100 போதும். 120 மெல்லிய துணியைக் கிழித்துவிடும்.

முதல் ஊசி ஒரு கிழமையில் முறிந்தது. சிக்சாக் அகலத்தை 5 மில்லிமீற்றரில் விட்டிருந்தேன், சிறகு, ஊசி இறங்கும் மெஷின் தகட்டில் மோதிவிட்டது. இப்போது 3க்கு மேல் போவதில்லை. மெஷினை மிதிக்க முன்னம் கையால் சில்லைச் சுற்றி ஒரு முழு வடிவத்தையும் பார்த்துவிடுவேன். நேர்த்தையலுக்கான ஒற்றைத் துளைத் தகட்டை ஒருநாளும் போடக்கூடாது.

அலங்காரத் தையல் இல்லாத மெஷினிலும் இது வரும். ஒரு வரிசை சிக்சாக் தைத்து, துணியை மறுதிசைக்குத் திருப்பி, முதல் வரிசையின் ஒரு பக்கத்துத் துளைகளிலேயே ஊசி மறுபடி இறங்கும்படி இரண்டாம் வரிசையைத் தையுங்கள். நடுவில் துளைகள் வரிசையாகத் திறக்கும். மெல்லிய பருத்தி நூல் போட்டு, மேல் நூலைச் சற்றே தளர்த்தி, மெதுவாக ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஊசி பழைய துளையைத் தவறவிடும்.

ஊசியை விடத் துணிதான் முக்கியம் என்பேன். பொலியெஸ்டர் கலந்ததில் துளை நிற்கவே நிற்காது. வெள்ளை வாயில், லினன், மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் நெருக்கம் குறைந்தது, இவைதான் சரி. சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, ஈரம் காய முன்னம் அயன் பண்ணி, விறைப்பாக்கிக்கொண்டு தைப்பேன். அடியில் மெல்லிய தாள் வைத்தால் துணி சுருங்காது. பிறகு கிழித்து எடுக்கலாம்.

மாரியில்தான் பாடு. மட்டக்களப்பு ஈரத்தில் கஞ்சி இளகிவிடும், ஊசியும் துருப்பிடிக்கும். சிறகில் சிறு துரு இருந்தாலும் இழை மாட்டி இழுபடும். அதனால் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவில் வைக்கிறேன். தைத்து முடித்த உருப்படியைக் கஞ்சி போகக் கழுவித்தான் அலுமாரியில் வைப்பேன், இல்லாவிட்டால் கரப்பான் அரித்துவிடும்.

தேவாலயத்து முதல் நன்மைச் சட்டைகளும் பீட விரிப்புகளும் நிறையத் தைத்தாயிற்று. மூன்று வருடத்துக்கு முன் தைத்த விரிப்பொன்று போன மாதம் கழுவ வந்தது. ஈரத்தோடு அயன் பண்ணியதும் அத்தனை துளையும் திறந்தே இருந்தன.