இல்மாட்டிக்கா, ரெடி டு டையா?

நாஸின் இல்மாட்டிக், பிக்கி என்கிற நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ரெடி டு டை: ரெண்டும் ராப் ஆல்பம், ரெண்டும் 1994, ரெண்டும் நியூயார்க். முதலில் எதைக் கேட்பது?

மதிப்பெண்: நாஸின் இல்மாட்டிக்குக்கு 'தி சோர்ஸ்' என்ற ஹிப்-ஹாப் பத்திரிகை உடனே ஐந்து மைக் கொடுத்தது, அதாவது முழு மார்க். பிக்கியின் ரெடி டு டைக்கு நாலரைதான். பின்னாளில் அதையும் ஐந்தாக்கினார்கள். அந்த அரை மைக் சண்டை மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

விற்பனை: அரை மைக் குறைந்த பிக்கிதான் மளமளவென்று விற்றார். நாஸ் மெதுவாகத்தான் ஏறினார்.

நீளம்: நாஸ் நாற்பது நிமிடம். பிக்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல். தாண்டிவிடத் தோன்றும் இடங்களும் உண்டு.

வரிகள்: 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில் ஜாஸ் கலைஞர் அகமது ஜமாலின் பியானோ சுழல, நாஸ் வரிக்கு வரி அடுக்குகிறார். பிக்கி கதை சொல்லிச் சிரிக்கவும் வைப்பார்.

திருப்பித் திருப்பிக் கேட்பவருக்கு நாஸ். ராப்பே புதுசு என்றால் பிக்கி, அவரது 'ஜூசி' பாட்டில் தொடங்குங்கள்.